பதினாறு அடி உயரம்

சிம்மக்கல்லுக்குப் பின்னால் ஒரு பஞ்சுக் கிடங்கை
ஒன்பது வீடாக வெட்டியிருக்கிறார்கள்.
'லாஃப்ட்' என்கிறார் புரோக்கர் ஜெரால்டு.
பரண் என்று சொன்னால் விலை இறங்கிவிடுமாம்.

அறுநூற்றுப் பத்துச் சதுர அடி.
தலைக்கு மேல் பதினாறு அடிக்கு வெறும் காற்று.
அதற்குக் காசில்லை என்றார்.
சித்திரையில் அதைக் குளிரவைக்கிற கரண்டு பில்லை
கீழ்வீட்டுப் பெண்
படியில் நிறுத்தி வைத்துச் சொன்னாள்.

செங்கல்லைப் பூசாமல் விட்டதற்குச்
சதுர அடிக்கு நானூறு கூடுதல்.
மூட்டை நிறுத்த கொக்கிக்கும் ஏதோ உண்டு.
தொட்டேன்.
துரு விரலோடு வந்தது.

மேலே படுக்கை.
எழுந்து உட்கார்ந்தால் ஓட்டுச்சரிவு மண்டையில் தட்டுகிறது.
இரும்பு ஏணியைப் பார்த்து
என் மாமியார் முழங்காலை நினைத்துக்கொண்டேன்.
"அவங்க சோபாவில படுக்கட்டும் மேடம்."

"சன்னல் ஏன் அவ்வளவு உசரத்துல?"
"பஞ்சு வெளிய எட்டிப் பாக்காதுல்ல."

திரும்பிப் போக வண்டிச்சாவியை எடுத்துவிட்டான் மணிவண்ணன்.
அப்போதுதான் அந்தச் சன்னல் வழியாக
ஐந்தரை மணி வெயில் இறங்கி,
உத்தரத்தில் யாரோ தாரில் எழுதிய
'சிப்பம் 340' மேல் நின்றது.
அடித்துத் திருத்திய எண்.
முந்நூற்று முப்பத்தொன்பதோ என்னவோ.

அட்வான்ஸ் எவ்வளவு
என்று கேட்டது
என் குரல்தான்.