ஐந்து தசம் ஒன்று

வெள்ளவத்தை, நாலாம் மாடி.
கடல் பக்கச் சுவரில் திரை,
காலி வீதிக்கு முதுகு.
ஐந்து ஸ்பீக்கருக்கும் வயர் இழுத்து
அதிலேயே தடக்கி விழுந்தும் முடிந்தது.

கொம்பியூட்டர் மட்டும்
தனக்கு இரண்டே வாய் என்று அடம்.
டிகோடரை மாற்றினேன்.
பிரிக்காமல் அனுப்பு என்றேன்,
பிறகு, சரி, பிரித்தே அனுப்பு.
படத்து மழை முன்னாலேயே பெய்தது.
முதுகு நனையவில்லை.

எட்டரைக்கு
பின் இடப்பக்கம் ஒரு ஹோர்ன்.
"வேலை செய்யுது!" கத்திவிட்டேன்.
சுகிர்தா போனிலிருந்து தலை தூக்காமல்,
"அது நூறாம் நம்பர் பஸ்."

படத்தை நிறுத்தினேன்.
ஹோர்ன் நிற்கவில்லை.

பிறகு களுத்துறை ரயில்
வலமிருந்து இடமாக,
ஒரு செட்டிங்கும் தொடாமல்,
ஜன்னல் கண்ணாடி அதிர அதிர.

சப்வூஃபரை நான்
இன்னும் பெட்டியை விட்டு எடுக்கவே இல்லை.