வில்லங்கச் சான்று

காவேரிப்பட்டணம் சார்பதிவகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் மாங்காய் மண்டிக்கும் நடுவில்
என் மேசை.
ச. கௌரம்மா, பத்திர எழுத்தர். உரிமம் உண்டு.
பகலில் நான் ஓர் அடி பிசகினால்
இரண்டு குடும்பம் கோர்ட்டுக்குப் போகும்.

இரவில் வேறு பெயர். ஆண் பெயர்.
வாரப் பத்திரிகை ஆசிரியர் வைத்தது.
"சரித்திரத் தொடர்ல பொம்பளை பேரைப் போட்டா
கோலப் பக்கம்னு புரட்டிருவாங்கம்மா."

கேழ்வரகுக் கொல்லை ஓரம் பார்த்த கல் அது.
வில் பிடித்தவன், காலடியில் இரண்டு மாடு.
ஐந்து வரி எழுத்தில்
"தொறு மீட்டுப் பட்டான்" மட்டும் தெளிவு.
பெயர் இருந்த இடத்தில்
யாரோ அரிவாள் தீட்டிய பள்ளம்.

அந்தப் பள்ளத்தில் கருஞ்சாத்தன் என்று எழுதினேன்.
தொண்ணூற்று மூன்று வாரம்.
ஓவியர் அவனுக்குக் குதிரை கொடுத்துவிட்டார்,
கல்லில் குதிரை இல்லை,
நாற்பது வாரம் அதற்கும் கொள்ளு வைத்தேன்.
சாகவேண்டிய வாரத்தில் போன் வந்தது:
"தீபாவளி மலர் தாண்டட்டுமே."
விலாவில் அம்போடு
பதினோரு வாரம் உயிரோடிருந்தான், பாவம்.
செத்த வாரம் ஊத்தங்கரையிலிருந்து ஒரு கண்டக்டர்
"இன்று டிக்கெட் கிழிக்கக் கை வரவில்லை" என்று கார்டு போட்டார்.
மூன்று பாகமாகப் புத்தகம் வந்தது.
அந்தப் பணத்தில் வாங்கிய பம்புசெட்
ஆறே மாதத்தில் காயில் கருகியது.

போன ஐப்பசியில் திம்மராயப்பா வந்தார்,
கூடவே கிரானைட் ஆட்கள் இரண்டு பேர்.
சர்வே நம்பரைப் பார்த்ததும் கேட்டேன்:
"அந்தக் கல்லு?"
"ஓரமா கெடக்குது. பொக்லைன் வந்தா போயிடும்."

நிதி நிட்சேபம் ஜல தரு பாஷாணம் உட்பட
முப்பது வருஷமாக மூச்சு விடாமல் எழுதும் வரி.
அன்று பாஷாணத்தில் பேனா நின்றது.
கல்லுக்கும் நஞ்சுக்கும்
ஒரே சொல்லை எவன் வைத்தான்?

எழுதினேன். எழுதாமல் முடியாது.
பிறகு சொத்து விவரத்தில் நான்கெல்லை:
ஓடைக்கு மேற்கு,
வண்டிப்பாதைக்கு வடக்கு,
முனியம்மா புஞ்சைக்குக் கிழக்கு,
கருஞ்சாத்தன் கல்லுக்குத் தெற்கு.

படித்துக் காட்டினேன்.
"அது யாரு?" என்றான் வாங்குகிறவன்.
நான் வாய் திறக்குமுன் திம்மராயப்பா சொன்னார்:
"பழைய பேரு சார். எங்கப்பாவே சொல்லுவாரு."
ரேகை, புகைப்படம், முத்திரை.

இனி எவர் வில்லங்கம் போட்டுப் பார்த்தாலும்
அவன் வருவான்.
எல்லைக்கல்லைத் தொட எந்த பொக்லைனும்
கொஞ்சமாவது யோசிக்கும்,
யோசிக்காமலும் போகலாம்.

தூக்கம் வராத இரவில் உறுத்துவது அதுவல்ல.
பள்ளத்தில் முன்பு ஒரு பெயர் இருந்தது.
மாட்டுக்காக நிஜமாகவே செத்தவன் பெயர்.
அதன்மேல்
என் எழுத்தால், என் கையொப்பத்தோடு,
இன்னொருவனைக் குடிவைத்துவிட்டேன்.
அரசு பதிவும் செய்துவிட்டது.