இரட்டை

குலசேகரத்தில், ரப்பர் ஷீட் குடோனுக்கு மேலே
வாடகை அறை.
புளித்த பாலின் வாடை படியேறி வந்து
கீபோர்டில் உட்கார்ந்துகொள்ளும்.

ஒனக்கு என்ன சோலி மக்கா,
வீட்டுக்காரர் ததேயுஸ் கேட்டார்.
ரத்தம் பாக்குற சோலி என்றேன்.
மறுநாள் வெறும் வயிற்றோடு வந்து
விரலை நீட்டினார்:
சுகர் பாரு.

என்னிடம் ஊசி கிடையாது.
சக்கை வெட்டும்போது கையைக் கிழித்துக்கொண்ட நாள் தவிர
ஒரு துளி ரத்தம் இந்த அறைக்குள் வந்ததில்லை.
வருவதெல்லாம் எண்கள்.
வரிசைக்கு ஒரு செல்,
பத்திக்கு ஒரு மரபணு,
பெரும்பாலும் பூஜ்யம்.

மாதிரி 17.
ஆண், ஒன்பது வயது, எலும்பு மஜ்ஜை,
சிகிச்சையின் இருபத்தெட்டாம் நாள்.
பெயரை ஆஸ்பத்திரி வைத்துக்கொண்டது.

எண்களைத் தட்டையாக்கித் திரையில் விரித்தால்
புள்ளிகள் தம் இனம் தேடிக் கூடும்.
பிறகு மென்பொருள் ஒன்றே ஒன்று கேட்கும்:
தொடக்கம் எது?
நான் ஒரு செல்லைத் தொட்டுக் காட்டவேண்டும்,
என்னவாகப் போகிறோம் என்று இன்னும் முடிவெடுக்காத ஒன்றை.
அங்கிருந்து அது காலத்தை ஊகிக்கும்,
எந்தக் கடிகாரமும் காட்டாத காலம்.
இங்கே கிளைத்துச் சிவப்பணு,
இதிலே தட்டணு,
அந்தப் பக்கம் வளைந்து பி செல்.

அந்த வளைவில்தான் முட்டி நிற்கிறது கூட்டம்,
களியக்காவிளை செக்போஸ்ட்டில் லாரிகள் நிற்பதுபோல.
முன்னே போகாது, பின்னே வராது.
ஒரு வித்தியாசம்,
இந்த லாரிகள் நின்ற இடத்திலேயே
குட்டி போடும்.

முதல் நாள் பதினோராயிரம்.
இருபத்தெட்டாம் நாள் அறுபத்திரண்டு.
அந்த அறுபத்திரண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்,
விடிகாலை மூன்று மணிக்கு.
ஜன்னலுக்கு வெளியே
பால்வெட்டுக்காரர்களின் நெற்றி விளக்குகள்
மரத்துக்கு மரம் நின்று நின்று போயின.

ஒரே துளிக்குள் இரண்டு செல் சிக்கினால்
அதற்கு இரட்டை என்று பெயர், பிழை என்று பொருள்.
களைய ஒரு கட்டளை உண்டு.
நான் எழுதியது, இரண்டே வரி.
நாலு வருடமாக ஓடுகிறது,
எதை எறிகிறதென்று ஒருநாளும் பார்த்ததில்லை.

மழை பிடித்தது. விளக்குகள் திரும்பிப் போயின.
கரண்டு போய், வந்து, போய், வந்தது.
மறுபடி ஓட்டுகையில்
அந்த இரண்டு வரி விட்டுப்போயிற்று.
(நோட்டில் கவனக்குறைவு என்றே எழுதியிருக்கிறேன்.)

திரையில் புதிதாக ஒரு தீவு.
டி செல்களோடும் சேரவில்லை,
அந்த அறுபத்திரண்டோடும் சேரவில்லை.
திறந்தேன்.
சிடி-3 இருந்தது. சிடி-19 இருந்தது.
ஒரே உடம்பில் இரண்டும் இருக்கக் கூடாது.

உடம்பு ஒன்றல்ல.
ஒரு டி செல்,
அது கழுத்தைப் பிடித்திருந்த ஒரு புற்றுசெல்.
துளைபோடும் புரதங்கள் எல்லாம் உச்சத்தில்.
ஊசி உறிஞ்சி, குழாயில் சுற்றி,
சல்லடையில் வடித்து,
ஐஸில் வைத்து எடுத்துப் போயும்
விடாத பிடி.

தற்செயலாக ஒட்டியிருக்கலாம்.
கணக்குப் போட்டேன்.
தற்செயலுக்கு ஆறு.
இருந்தது நாற்பத்தொன்று.

நாகர்கோவிலுக்குப் போன் போட்டேன்.
டாக்டர் ரெக்ஸலின் கொட்டாவியோடு கேட்டுவிட்டு
ஒரு மாதிரி எதுக்கும் காணாது என்றாள்.
சரிதான்.
வைக்கும்முன் கேட்டாள்:
பழசையெல்லாம் எறிஞ்சிட்டியா?

எறியவில்லை. எல்லாம் கிடக்கிறது,
பதினாறு பேரின் பிழைகள், ஒரு ஃபோல்டரில்.
ஒவ்வொன்றாய் எடுக்கிறேன்.
ஏழாவதை மட்டும் தாண்டித் தாண்டிப் போகிறேன்.
அந்தக் கோப்பு போன ஆடியோடு நின்றுவிட்டது.
அவளுக்குள்ளும் அவை பிடித்திருந்தனவா
என்று தெரிந்துகொள்ள
இந்த வாரம் எனக்குத் தெம்பில்லை.

சனிக்கிழமை மெடிக்கலில்
சுகர் பார்க்கும் மிஷின் ஒன்று வாங்கினேன்.
படியில் ஒட்டுப்பால் சாக்குகள், தாண்டித்தான் இறங்கவேண்டும்.
ததேயுஸ் விரலை நீட்டினார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
இருநூற்று முப்பத்தெட்டு.
பெயர் தெரிந்து நான் பார்த்த ஒரே எண்.

கூடுதலா மக்கா?

கூடுதல்தான்.