முந்திரித்தோட்டம் விலக்கு

பலகை எழுதுவது என் தொழில்.
எழுத்துக்கு இருபது ரூபாய், புள்ளிக்குக் காசில்லை.
"முந்திரித்தோட்டம் விலக்கு" என்று
ஊராட்சியில் சீட்டு கொடுத்தார்கள்.
மணிமுத்தாற்றுக் கரையில்
பேருக்கு ஒரு முந்திரி மரம் இல்லையே என்றேன்.
அப்படித்தான் பேரு, எழுதுங்க என்றார் கிளார்க்.

ஒற்று மிகுமா என்று பார்க்கத்தான்
பழைய பத்திரத்தைக் கேட்டேன்.
"கொடிமுந்திரித் தோட்டம்,
ஆற்றுக்கு மேற்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு,
நாலு ஏக்கர் சொச்சம்."
கொடிமுந்திரி என்றால் திராட்சை.

சைகோன் கிட்டங்கியில்
பெரிச்சியப்பனிடம் கடன்பட்ட துரை ஒருவன்
ரப்பர் விலை விழுந்த வருஷம்
வட்டிக்குப் பதிலாகக் கொடுத்தது
ஈரச்சாக்கில் சுற்றிய பதினேழு குச்சி.
பேரேட்டில் வரவு வைத்தார்.
கப்பலில் எட்டு செத்தது,
அதற்கும் பற்று எழுதினார்.

ஒன்பது குச்சிக்கு இரண்டு கிணறு.
வெட்டியவர் சோணைமுத்து, கூலி நெல்.
மூன்றாம் சித்திரையில் காய்த்தது
சுண்டைக்காய் அளவு, கறுப்பு, தடித்த தோல்.
மிதிக்க வேண்டும் என்றார் பெரிச்சியப்பன்.
சாமிக்குப் படைத்ததைக் காலால் மிதிப்பதா என்று
பெண்கள் கரையேறிப் போய்விட்டார்கள்.
கடைசியில் மிதித்தவர் அவரேதான்,
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு,
கணுக்கால் வரை கருஞ்சாறு,
நெற்றியில் விபூதி கலையாமல்.

பனையேறி மூக்கன் மரத்தின் மேலிருந்து கேட்டானாம்:
"எங்க பாளை விடியுமுன்னே புளிக்குது.
ஒங்களுக்கு ஏன் செட்டியாரே மூணு வருஷம்?"

இது பத்திரத்தில் இல்லை.
மூக்கனின் பேரன் டீக்கடையில் சொன்னது.
அவன் சொன்னதில் பாதியைத் தள்ளிவிட்டேன்.

நாற்பத்தெட்டில் மதுவிலக்கு வந்தது.
அதிகாரி ஜாடியைத் திறந்து முகர்ந்தார்,
முகத்தைச் சுளித்து "காடி" என்று குறித்துக்கொண்டார்.
அவ்வளவு புளிப்பு.
மறுவருஷம் நன்றாக அமைந்துவிட்டது, அதுதான் வம்பு.
கிழக்கே மாதாகோயில் சாமியார்
பூசைக்கு வேண்டும் என்று கடிதம் எழுத,
சென்னையிலிருந்து உத்தரவு:
ஆண்டுக்கு இருபது காலன், விலக்கு.

விலக்கியதற்கே ஒரு விலக்கு.
இன்று பஸ் நிற்பதும் விலக்கில்தான்.
இறங்குகிறவர்களில் பாதிப்பேர்
டாஸ்மாக்கைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள்.

ஓர் ஐப்பசியில் ஆறு தடம் மாறி வந்து
நாலு ஏக்கரையும் சொச்சத்தையும் கொண்டுபோனது.
மீந்த ஜாடிகளில் மாவடு.
சாலை போட்டபோது முதல் பலகை எழுதியவர்
தகரம் போதாமல் "கொடி"யை விட்டிருக்கிறார்.
துரு அரித்த அந்தத் தகரத்தில்
"தோ"வின் சுழியைப் பார்த்தேன்.
அப்பாவின் கை.

கிளார்க்கிடம் சொன்னேன்:
இரண்டே எழுத்து, நாற்பது ரூபாய்.
சீட்டில் உள்ளதை எழுதுங்க என்றார்.

இரண்டெழுத்து இடம் விட்டுத் தொடங்கினேன்.
பலகை ஒருபக்கமாக இழுக்கிறதே என்கிறார்
ஒன்பதரை வண்டிக் கண்டக்டர்.
ஆமா என்றேன்.