சேற்றுப்புண்

முசஃபாவில் சேறு ஏது?
ஆனாலும் தவசியின் விரலிடுக்கில் சேற்றுப்புண்.
இரும்புமுனை ஷூவுக்குள் பன்னிரண்டு மணிநேரம்
ஊறும் வேர்வையே வயல்.
இடுப்பில் படர்தாமரை வேறு.
மூன்று ட்யூப் களிம்பு தீர்ந்தது;
தாமரை தீரவில்லை.

கிளினிக்கில் டாக்டர்
தோலைப் பார்த்தது கொஞ்சம்தான்.
"என்ன சாப்பிடுகிறாய்?"
குப்பூஸ். சுலைமானி.
வெள்ளிக்கிழமை கோழிக்குழம்பில் குழம்பு மட்டும்.
"காவல்காரனுக்குச் சோறு போடாமல்
கதவுக்கு எத்தனை பூட்டு மாட்டுவாய்?
பருப்பு, முட்டை, மீன்."

முட்டை அட்டை பதினெட்டு திர்ஹம்.
தவசி உதட்டுக்குள் ரூபாயாக்கினான்,
அட்டையை ரேக்கிலேயே திருப்பி வைத்தான்.

மெஸ் கணக்கு என் கையில்.
விடியலில், பஸ் வருமுன்,
கெட்டிலில் இரண்டு முட்டை போட்டேன்.
நோட்டில், பொதுச்செலவில்,
'களிம்பு – 2' என்று எழுதினேன்.

தவசி, ஒரு காலில் ஷூவோடு,
உப்பு கேட்டான்.