இரண்டு விறகு

"ஊர் வாசலில் அவள் இரண்டு விறகு பொறுக்குகிறாள்"
என்று எழுதிவிட்டு நிறுத்தினேன்.
நான் விறகு பொறுக்கியதே இல்லை.
பரோயே தீவில் சொல்லும்படி மரம் கிடையாது;
காற்று விடாது, விட்டால் ஆடு விடாது.

பஞ்சத்தில் ஒரு பிடி மாவோடு மிஞ்சிய
சாறிபாத்து விதவையை
மீன் ஆலை இரவுப்பணி முடித்து வந்து
விரலில் காட் மீன் வாடையோடு
எழுதிக்கொண்டிருக்கிறேன்.
அத்தியாயத்துக்கு மூன்று பாடம் வேண்டுமாம்,
சபை அச்சகத்து ஹன்னிஸுக்கு.

விடிந்ததும் கரைக்குப் போனேன்.
எந்த நாட்டு ஆறு தள்ளிவிட்டதோ,
இரண்டு கட்டை ஒதுங்கிக் கிடந்தது.
ஒன்றில் துருப்பிடித்த ஆணி.
பழைய இரும்பு அடுப்பில் வைத்தேன்.
உப்பு ஊறிய மரம்;
எரியவில்லை, புகைந்தது.
பௌலி இருமிக்கொண்டே ஜன்னலைத் திறந்தான்:
"அம்மா, ஹீட்டர் இருக்கிறதே!"

கண் கரிக்கையில்தான் உறைத்தது.
பானையில் மாவு குறையவில்லை,
கலயத்தில் எண்ணெய் வற்றவில்லை.
சரி.
விறகு?
அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அற்புதம் நடந்த மறுநாளும்
அவள் வாசலுக்குப் போய்க் குனிந்திருக்க வேண்டும்.
அதற்கு மறுநாளும்.
இடுப்பு பிடித்துக்கொண்ட நாளிலும்.
மகன் மூச்சடங்கிய அன்று மட்டும்
போயிருக்க மாட்டாள்.
மூச்சு திரும்பிய அன்று
போயிருப்பாள்;
பையனுக்குப் பசித்திருக்குமே.

ஹன்னிஸுக்கு எழுதிப் போட்டேன்:
பாடம் ஒன்றுதான் தேறியது.
அதுவும் இன்னும் ஈரம் காயவில்லை.
புகையும்,
கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.