விடைத்தாள் பதினேழு

குத்தாயிசி. மாலை வகுப்புத் தேர்வு, நாடகச் சொற்கள்.
முப்பத்தொரு தாள், ஒரு சிவப்புப் பேனா,
ஜன்னலுக்கு வெளியே ரியோனி ஆற்றின் இரைச்சல்.

அங்கம் எது, காட்சி எது,
ஒத்திகை எங்கே முடிகிறது,
எல்லாரும் ஒரே மாதிரி ஒப்பித்திருக்கிறார்கள்.
உச்சம் என்ற சொல்லுக்கு
மூன்று பேர் மலை வரைந்திருக்கிறார்கள்.
போகட்டும், அரை மதிப்பெண்.

பதினேழு: நானுலி. ரொட்டி அடுப்பில் வேலை,
தாளின் ஓரத்தில் மாவு.
தனிமொழி: மேடையில் வேறு யாரும் இல்லாதபோது பேசுவது.
சரி.
ஒதுக்குமொழி: பக்கத்தில் நிற்பவரைத் தவிர
அத்தனை பேருக்கும் கேட்பது.
சரி.
எடுத்துக்காட்டு தருக என்றதற்கு
பாட நாடகம் எதையும் அவள் தொடவில்லை.

"செவ்வாய் இரவு. சமையலறை.
சூப்பில் உப்பு போதாது என்றான் சூராப்.
நான் போகிறேன் என்றேன்.
உப்பு எங்கே என்றான்.
மாடிவீட்டில்
நாற்காலி இழுக்கும் சத்தம் நின்றது."

'பாடத்துக்கு வெளியே' என்று எழுதப்போய்
'பாட' என்பதோடு பேனா நின்றது.

கடைசிக் கேள்வி,
வெளியேறல்: விளக்குக.
காலி இடம்.
நினைவிருக்கிறது, மணியடிக்க இருபது நிமிடம் இருக்கும்போதே
தாளை மேசையில் வைத்துவிட்டு நடந்தாள்.
வெளியே பனி.
கோட்டு இன்னும்
வகுப்பறை ஆணியில்.